டாக்டரா, டொக்டரா? இராமநாதபுரம் கடற்கரையின் இங்கிலீஷ் உச்சரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள், வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள், கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், தங்கச்சிமடத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். இலக்கணச் சந்தேகம் கொஞ்சம்தான். "நான் சொல்றது தப்பா சார்?" என்ற உச்சரிப்புச் சந்தேகமே திரும்பத் திரும்ப வருகிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, வகுப்பில் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"சார், நான் 'இஸ்கூல்'னு சொன்னா பிள்ளைங்க சிரிக்கிறாங்க. எனக்கு ஏன் அப்டியே வருது?"

தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. 'ஸ்கூ' என்று இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாக்கு ஏறப் படி தேடும். முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொண்டு ஏறிவிடும். நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால்தான் இராமேஸ்வரம், இராமநாதபுரம், இலங்கை என்று எழுதுகிறோம். 'இஸ்கூல்' அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. ஸ்பெயின்காரர்களும் பள்ளிக்கூடத்தை 'எஸ்குவேலா' என்கிறார்கள். உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்திலும் 'இஸ்கூல்'தான். பஞ்சாபில் இடையில் ஓர் 'அ' நுழைத்து 'சகூல்' ஆக்கிவிடுவார்கள்.

மாற்ற வேண்டும் என்றால் எளிது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை நீட்டி, நிறுத்தாமல் 'கூல்' என்று முடியுங்கள். சிரிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"பஸ்ஸு, லைட்டு, போட்டு, நெட்டு... எல்லாத்துக்கும் கடைசில ஏன் ஒரு 'உ' ஒட்டுது?"

பள்ளியில் படித்த குற்றியலுகரம் இதுதான். க், ட், ப் மாதிரி வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. வாயை மூடிய இடத்திலேயே நிற்காமல் அரை மாத்திரை 'உ' வெளியே வந்துவிடும். ஜப்பானியர்களும் பஸ்ஸை 'பஸு' என்கிறார்கள். அவர்கள் மொழிக்கும் இதே தேவை. வீட்டிலும் படகுத்துறையிலும் 'போட்டு' என்பது நம் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது, அதைத் திருத்த வேண்டாம். ஆங்கில வாக்கியம் பேசும்போது மட்டும் அந்த உகரத்தை விட்டுவிடுங்கள்.

"லெட்டர், பேப்பர், டிக்கெட்னு நாம அழுத்துறோம். இங்கிலீஷ்ல அப்படி ரெட்டிப்பு இல்லையாமே?"

இல்லை. ஆனால் நாம் இரட்டிப்பதற்கு நல்ல காரணம் உண்டு. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ட வந்தால் அது மெலிந்துவிடும். 'பாடம்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பாட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ட வேறு, இரண்டாவது வேறு. 'மீட்டர்' என்பதை ஒற்றை டகரத்தோடு எழுதினால் 'லீடர்' என்பதில் வரும் ஒலியாகப் போய்விடும். வல்லொலியைக் காப்பாற்றத்தான் இரட்டிக்கிறோம். இதைச் செய்தவர்கள் காது கூர்மையானவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

நாம் இப்படிக் கவனமாகத் தவிர்த்த மெலிவைத்தான் அமெரிக்கர்கள் செய்கிறார்கள். தண்ணீரை அவர்கள் 'வாடர்' என்று சொல்வது 'பாடம்' டகரத்துக்குப் பக்கத்தில் வரும்.

"நாம டாக்டருங்கிறோம். இலங்கை அகதிகள் முகாம்ல இருக்கிற பிள்ளைங்க டொக்டருங்கிறாங்க. கொச்சிக்கு மீன்பிடிக்கப் போன எங்க அண்ணன் 'ஓயில்'னு சொல்லிட்டு வர்றான். எது சரி?"

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே ஆங்கில ஒலியைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் டாக்டர் என்பதைச் சொல்லும்போது நாக்கு நம் 'ஆ'வுக்குக் கிடப்பது போலத் தாழக் கிடக்கும். உதடு 'ஒ'வுக்குப் போல லேசாகக் குவியும். ஒலியோ குறில். இந்தச் சேர்க்கை தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஊரும் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் நாக்கைப் பிடித்துக்கொண்டோம்: டாக்டர், ஆபீஸ், ஆயில், ஆட்டோ, பாயின்ட். கேரளத்தில் உதட்டைப் பிடித்துக்கொண்டு நீட்டினார்கள்: டோக்டர், ஓபீஸ், ஓயில், ஓட்டோ. இலங்கைத் தமிழர் உதட்டையும் குறிலையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள்: டொக்டர், ஒபீஸ். பிரிட்டிஷ் ஒலிக்கு மிக அருகில் இருப்பது மண்டபம் முகாம் பிள்ளைகள் சொல்வதுதான். அதே சமயம் பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்த உதட்டுக் குவிப்பையே விட்டுவிட்டார்கள். அவர்கள் வாயில் அது நம் 'டாக்டர்' போலத்தான் வரும்.

முகாம் பிள்ளைகள் 'டொக்டர்' என்றதும் மற்றவர்கள் கேலி செய்ததை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் விளக்கினேன். ஒரு சொல்லை மூன்று கரை எப்படிக் கேட்டது என்பதை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைக்காது.

"இலங்கைக்காரங்க லெட்டர்ல 'ரிக்கற்', 'ரீவி', 'ரொறன்ரோ'ன்னு இருக்கு. 'ட' எங்க போச்சு?"

எழுத்தைப் பார்த்து 'ரி' என்று வாசிக்காதீர்கள். அவர்கள் நாக்கு சொல்வது வேறு ஒலி. ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கு நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்று மேலே ஈறைத் தொடும். நம் 'ட' அப்படியில்லை, நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொடுகிறோம். நம் 'த' பல்லைத் தொடுகிறது. ஆங்கில ஒலி இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அந்த இடத்தில் தமிழுக்கும் ஓர் எழுத்து உண்டு: 'ற்ற'. பேச்சில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம். 'காற்று' நமக்குக் 'காத்து', 'நேற்று' நமக்கு 'நேத்து'. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போதும் நாக்கு கொஞ்சம் உதறுகிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் உதறாமல் ஈறைத் தொட்டு 'காற்று' என்கிறார்கள். ஆகவே ஆங்கில ஒலியைக் கேட்டதும் அவர்களுக்கு றகரம் நினைவுக்கு வந்தது, நமக்கு டகரம்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை ரயிலும் கப்பலுமாக அந்தப் போக்குவரத்து நடந்தது. ஏறும்போது கையில் இருந்தது டிக்கெட், இறங்கும் கரையில் அதுவே ரிக்கற். முகாமில் இருக்கும் பாட்டி ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆங்கில ஒலிக்கு நாக்கை எங்கே வைப்பது என்று அவரிடமிருந்தே பழகலாம்.

"காபிக்கும் காப்பிக்கும் இங்கிலீஷ்ல என்ன வித்தியாசம்? ஜெராக்ஸ் கடைல 'ரெண்டு காப்பி'ன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க."

குடிப்பதில் வரும் ஒலிக்கு மேற்பல் கீழுதட்டில் பட்டு, இடுக்கில் காற்று போக வேண்டும். நகலில் இரண்டு உதடும் மூடித் திறக்க வேண்டும். தமிழில் முதல் ஒலி கிடையாது என்பதால் இரண்டையும் ப-வில் போட்டோம். பேன், போன், பிரிட்ஜ், ஆபீஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். இப்போது 'ஃப' என்று ஆய்தம் சேர்த்து எழுதுகிறோம். எழுத்து வந்துவிட்டது, எல்லார் நாக்கிலும் அது இன்னும் ஏறவில்லை. இலங்கையில் குடிப்பது 'கோப்பி', எழுதுகிற நோட்டு 'கொப்பி'. நெடில் குறிலை வைத்தே பிரித்துவிட்டார்கள்.

'இஸ்கூல்' என்றால் யாருக்கும் புரியும், அவசரமில்லை. இந்த ஒலியைக் கட்டாயம் பழகுங்கள் என்று சொல்வேன். நிரம்பியது என்பதற்கும் இழு என்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஓர் ஒலிதான் வேறுபாடு. 'ஃபுல்' என்றால் நிரம்பியது, 'புல்' என்றால் இழு. வேலை செய்கிற இடத்தில் இதில் குழம்பினால் ஆபத்து.

"வ-விலயும் ரெண்டு இருக்காமே?"

ஆமாம். மேற்குத் திசைக்கான சொல்லுக்கு 'உ' சொல்வது போல உதட்டைக் குவித்துத் திறங்கள், பல் படக்கூடாது. உள்ளே போடும் பனியனுக்கான 'வெஸ்ட்'டில் மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும். தினமும் பத்து தடவை மாற்றி மாற்றிச் சொன்னால் போதும்.

"எங்க வாப்பா துபாய்ல இருந்தாங்க. 'பார்க்கிங்', 'பெப்சி' எல்லாம் வேற மாதிரி சொல்றாங்க. அது எந்த ஊரு இங்கிலீஷ்?"

அரபு பேசுகிறவர்களோடு பழகிய இங்கிலீஷ். அரபியில் 'பல்' என்பதில் வரும் வல்லொலிப் பகரம் இல்லை. 'அம்பு' என்பதில் வரும் மெல்லிய பகரம் மட்டும் உண்டு. ஆகவே 'பார்க்கிங்', 'பெப்சி' எல்லாவற்றையும் 'அம்பு' பகரத்தில் சொல்வார்கள். கூடவே இருந்து வேலை பார்த்தவர்கள் அவர்களுக்குப் புரியட்டும் என்று அப்படியே சொல்லப் பழகி, ஊருக்கும் கொண்டு வந்துவிடுகிறார்கள். இதில் குற்றமில்லை, எதிரில் இருப்பவருக்காக வாயை வளைத்துக்கொண்டது அது.

இன்னொன்றையும் பெருமையாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு, மேலே காபிக்குச் சொன்ன ஒலியும் வண்டு ரீங்காரம் போன்ற 'ஸ' ஒலியும் முதல் நாளே சுத்தமாக வந்துவிடுகின்றன. அரபியில் அந்த இரண்டும் உண்டு. மிருகக்காட்சி சாலையை மற்றவர்கள் 'சூ' என்றோ 'ஜூ' என்றோ சொல்லும்போது அவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மதரசாவில் கற்ற ஒலி ஆங்கிலத்துக்குக் கைகொடுக்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை.

"எம்.எல்.ஏ-வ 'யெம்மெல்லே'ங்கிறேன், ஒன்லிய 'வொன்லி'ங்கிறேன். இதுவும் தமிழ்தானா?"

தமிழ்தான். எ, ஏ முதலில் வந்தால் நமக்கு ஒரு சின்ன யகரமும், ஒ, ஓ வந்தால் ஒரு வகரமும் முன்னால் ஒட்டும். 'எலி'யை 'யெலி' என்றும் 'ஒடம்பை' 'வொடம்பு' என்றும் சொல்வதைக் கவனியுங்கள்.

"போன்ல ஸ்பெல்லிங் சொன்னா ஒருத்தனுக்கும் விளங்கல. கடைசி எழுத்து இசட்டா, ஸீயா? 'ஹெச்'சா, 'எய்ச்'சா?"

கடைசி எழுத்தைப் பிரிட்டிஷார் 'ஸெட்' என்பார்கள், அமெரிக்கர் 'ஸீ' என்பார்கள், நாம் 'இசட்' என்கிறோம். முதல் பதிலில் பார்த்த அதே 'இ'தான். எட்டாம் எழுத்து இங்கிலாந்தில் பொதுவாக 'எய்ச்', அயர்லாந்தில் 'ஹெய்ச்' என்றும் சொல்வார்கள். நம்முடையது 'ஹெச்'. எதைச் சொன்னாலும் தவறில்லை. ஆனால் போனில் பி, டி, இ, வி எல்லாம் ஒன்று போலவே கேட்கும். இது எல்லா நாட்டாருக்கும் உள்ள தொல்லை.

அதற்காகவே 1956இல் உலகம் முழுக்க ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்று தொடங்கி ஸூலூ வரை 26 சொற்கள். பல நாட்டுக்காரர் வாயில் சொல்லிப் பார்த்து, குழம்பாத சொற்களாகத் தேர்ந்தெடுத்தவை. எண்களிலும் ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் மாற்றினார்கள். ரேடியோ இரைச்சலில் நைன், ஃபைவ் இரண்டும் ஒன்றாகக் கேட்கும் என்பதே காரணம். கடலுக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ கருவியில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16. அதில் 'மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அது மே மாதம் 1ஆம் தேதியைச் சொல்வதில்லை. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து வந்தது. போட்டின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

"எங்க டீச்சர் 'ஷெட்யூல்'ங்கிறாங்க. யூட்யூப்ல 'ஸ்கெஜுல்'ங்கிறான். எதை எடுத்துக்கிறது?"

முதலாவது பிரிட்டிஷ், இரண்டாவது அமெரிக்கன். இப்படி நிறைய உண்டு: ரூட் – ரவுட், டொமாட்டோ – டொமேட்டோ, லெஃப்டினன்ட் – லூடெனன்ட். கடலில் மிதக்கும் மிதவைக்கான சொல் பிரிட்டிஷாருக்குப் பையனைக் குறிக்கும் 'பாய்' போலவே கேட்கும். அமெரிக்கர் அதைப் 'பூயி' என்பார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் காதால் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். வாயால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருந்தால் போதும்.

"வெள்ளைக்காரங்க 'கார்'ல இருக்கிற 'ர்'-ஐ முழுங்குறாங்க. நாமளும் முழுங்கணுமா?"

வேண்டாம். தென் இங்கிலாந்தில் பழகி, ஆஸ்திரேலியா வரை போன வழக்கம் அது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்காவின் பெரும்பகுதியில் ரகரத்தைச் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். ரகரத்தோடு சொல்லும் 'கோர்ட்' எல்லாருக்கும் புரியும்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் சார் சொல்றேன். ஆனாலும் திரும்பத் திரும்ப 'பார்டன்'ங்கிறாங்க. என்னதான் குறை?"

பெரும்பாலும் அழுத்தம். இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும் என்பது என் அனுபவம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொடுக்கிறோம். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும், அழுத்தம் மாறினால் மாறாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை உரத்து, நீண்டு எழும். மற்றவை சுருங்கித் தேய்ந்துவிடும். கேட்பவர் காது அந்த உரத்த அசையைத்தான் தேடுகிறது.

நாம் 'ஹோட்டல்' என்று முன்னால் அழுத்துகிறோம், அவர்கள் 'ஹொ-டெல்' என்று பின்னால் அழுத்துகிறார்கள். 'எஞ்சினியர்' சொல்லில் அழுத்தம் கடைசியில். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் முதலில், அதுவே 'ஃபொடாகிரஃபி' ஆனதும் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். 'ரெகார்ட்' என்று முன்னால் அழுத்தினால் பதிவு, பின்னால் அழுத்தினால் பதிவு செய்வது. காய்கறிக்கான சொல்லில் நடு அசை தேய்ந்து 'வெஜ்டபிள்' என்று மூன்றசையாகிவிடும். நாம் நான்கையும் ஒழுங்காகச் சொல்வதால்தான் அவர்களுக்கு விளங்குவதில்லை.

வலை இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து சத்தம் கொடுத்து, ஒரு இடத்தில் மொத்த பலத்தையும் போடுவார்கள் இல்லையா? வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லில் எந்த அசையில் கயிற்றை இழுப்பது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் இழுங்கள். அகராதியில் அந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்.

"நாம மட்டும்தான் அவங்க சொல்ல இப்படி மாத்துறோமா? அவங்க நம்ம சொல்ல மாத்தலையா?"

நிறையவே மாற்றினார்கள். கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு போய்க் 'கேட்டமரான்' ஆக்கினார்கள். சுருட்டை 'ஷெரூட்' ஆக்கி, அழுத்தத்தைக் கடைசிக்குக் கொண்டு போனார்கள். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கு ஆங்கிலத்தில் 'சேங்க்' ஆனது. குற்றியலுகரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, கழற்றிவிட்டார்கள். நாம் ஒட்டுகிறோம், அவர்கள் கழற்றுகிறார்கள். இராமநாதபுரமே 'ராம்நாட்' என்று சுருங்கியது, நம்மில் பலரும் இன்றைக்கு அப்படியே சொல்கிறோம்.

"இன்டர்வியூல வாயத் தொறந்ததும் 'சவுத்தா?'ன்னு கேட்டாங்க. என் ஊரு வாடையே இல்லாம பேச முடியுமா சார்?"

முடியலாம், ஆனால் அதற்கு வருடங்களைச் செலவிட வேண்டாம் என்பேன். இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் 2007 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசினார். குடியரசுத் தலைவராகப் பேசிய அந்த ஆங்கிலத்தில் நம் கரை அப்படியே இருந்தது. ஒலிப்பதிவைக் கேளுங்கள். நிறுத்தி, நிதானமாக, வாக்கியத்தை முழுதாக முடிப்பார். காபி–காப்பி ஒலி, சொல்லழுத்தம் இந்த இரண்டையும் திருத்திக்கொண்டு, அந்த நிதானத்தையும் பழகுங்கள். 'சவுத்தா?' என்று கேட்டால் 'ஆமாம், இராமநாதபுரம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.

"என் பேர்ல 'ழ' இருக்கு, ஊரும் கீழக்கரை. வெளிநாட்டுக்காரன் ஒருத்தனும் சரியா சொல்ல மாட்டேங்கிறான். எப்படித்தான் எழுதுறது?"

ழகரத்துக்கு நாம் போடும் இசட்–ஹெச் சேர்க்கையைப் பார்த்ததும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் 'விஷன்', 'மெஷர்' சொற்களின் நடுவில் வரும் அதிர்வொலியைத்தான் சொல்வார், அவர் மேல் தவறில்லை. கீழக்கரையை ஆங்கிலத்தில் பழைய ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் லகரத்தோடு எழுதுவதே வழக்கம். உங்கள் பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். உச்சரிப்புக்காக எழுத்தை மாற்றினால் விசாவில் சிக்கல் வரும்.

வாயால் சொல்லிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கர்கள் 'கார்' என்று சொல்லும்போது நாக்கை எங்கும் தொடாமல் பின்னுக்கு இழுக்கிறார்கள். நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி அது. 'உங்கள் காரில் வருகிற கடைசி ஒலியை என் பெயரின் நடுவில் வையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் 'கீளக்கரை' என்று சொல்லிக்கொண்டிருக்க, அமெரிக்கர் 'கீழக்கரை' என்றே சொல்லிவிடுவார்.